கலெக்டர் மேஜையும் திரைக்கதைத் தாளும்: மலையாற்றூர் ராமகிருஷ்ணன்

சென்ற நவராத்திரியில் வலியசாலையில் உறவினர் ஆத்துக்குக் கொலு பார்க்கப் போயிருந்தோம். சுண்டல், தாம்பூலம் எல்லாம் ஆன பிறகு அந்த ஆத்து மாமா என்னைத் தனியாகத் திண்ணைக்கு அழைத்துக்கொண்டு போனார். அவருடைய பிள்ளை பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போவதாகச் சொல்கிறானாம். அவன் அம்மா இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. நான் கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வேலையை விடாதே என்றோ, விட்டுவிடு என்றோ அந்தப் பையனிடம் நான் சொல்லவில்லை. நம் மனிதர் ஒருவருடைய வாழ்க்கையைச் சொன்னேன். வேறு பல ஊர்களிலும் நம் அங்கத்தினர் வீடுகளில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும் என்று தோன்றியதால், அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அவர் பெயர் கே.வி. ராமகிருஷ்ண ஐயர். கேரளம் முழுவதும் அவரை அறிந்தது மலையாற்றூர் ராமகிருஷ்ணன் என்ற பெயரில். ஐ.ஏ.எஸ். அதிகாரி, நாவலாசிரியர், கார்ட்டூனிஸ்ட், திரைக்கதாசிரியர் என்று நான்கு தொழிலையும் ஒரே ஆயுளில் செய்தவர். அவர் காலமாகிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மலையாளம் படிக்கத் தெரியாத நம் இளைய தலைமுறைக்கு அவரைத் தெரியாமல் போனது ஒரு குறைதான்.

கல்பாத்தியில் தொடக்கம்

1927ஆம் ஆண்டு பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தார். ரதோற்சவம் நடக்கும் அந்தக் கல்பாத்தியை வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவில் வளர்வது நம் பாலக்காட்டுக் குழந்தைகளுக்குப் புதிதல்ல. பலருக்கு அது வெறும் பழக்கமாக நின்றுபோகும். இவருக்கோ அதுவே பிற்பாடு எழுத்துக்கு மூலதனமாயிற்று.

புனைபெயராக அவர் எடுத்துக்கொண்டது பிறந்த ஊரின் பெயரை அல்ல. எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரியாற்றங்கரையில் இருக்கும் மலையாற்றூர், புனித தோமையார் பெயரிலுள்ள மலைத் தேவாலயத்தால் புகழ் பெற்ற ஊர். கிறிஸ்தவ யாத்திரைத் தலத்தின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு ஓர் ஐயர் எழுதினார், மலையாளிகள் எல்லோரும் அவரைத் தங்களவராகவே ஏற்றுக்கொண்டார்கள். எழுத்துக்கு ஜாதியும் எல்லையும் கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆலுவாவில் யூனியன் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். சிறிது காலம் ஆங்கிலம் கற்பித்தார். திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து வக்கீலானார். அந்த நாளில் இடதுசாரி அரசியலில் ஈடுபாடு உண்டு. 1954இல் திருவாங்கூர்-கொச்சி சட்டசபைத் தேர்தலில் பெரும்பாவூர் தொகுதியில் நின்று தோற்றார். பம்பாய்க்குப் போய் ஃப்ரீ பிரஸ் ஜர்னல் பத்திரிகையில் உதவி ஆசிரியராகவும் வேலை பார்த்தார். பிறகு மாஜிஸ்திரேட் உத்தியோகம். அதன் பிறகு 1950களின் கடைசியில் ஐ.ஏ.எஸ்.

முப்பது வயதுக்குள் ஆசிரியர், வக்கீல், தேர்தல் வேட்பாளர், பத்திரிகைக்காரர், மாஜிஸ்திரேட் என்று ஐந்து வேஷம் கட்டி ஆடியாகிவிட்டது. நம் ஆத்துப் பெரியவர்கள் பார்த்தால், பையன் ஒன்றிலும் நிலைக்க மாட்டேன் என்கிறானே என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள். ஆனால் கோர்ட்டில் சாட்சி எப்படிப் பொய் சொல்வான், தேர்தல் மேடையில் ஜனங்கள் எதற்குக் கை தட்டுவார்கள், பத்திரிகை அலுவலகத்தில் ஒரு செய்தி எப்படி நான்கு வரியாகச் சுருங்கும் என்பதெல்லாம் புத்தகம் படித்து வருகிற ஞானம் அல்ல. வசனம் எழுதுகிறவனுக்கு வேண்டிய காதை இந்த ஐந்து வேலைகளும் அவருக்குத் தீட்டிக் கொடுத்தன.

ஃபைல்களுக்கு நடுவில் நாவல்

ஒற்றைப்பாலத்தில் சப்-கலெக்டராக இருந்தார். மாவட்ட கலெக்டர் பொறுப்பு, பிறகு திருவனந்தபுரத்தில் உயர் பதவிகள் என்று உத்தியோகம் ஏறிக்கொண்டே போயிற்று. நிலத் தகராறு, வெள்ள நிவாரணம், சட்டம் ஒழுங்கு, மந்திரிகளின் டெலிபோன் என்று ஒரு கலெக்டருடைய நாள் எப்படிப் போகும் என்பது அரசு உத்தியோகத்தில் இருந்த நம் அங்கத்தினர்களுக்குத் தெரியும். அந்த நாளிலிருந்துதான் எழுதுவதற்கும் நேரம் எடுத்தார்.

1966இல் வந்த நாவல் வேர்கள். மலையாளத்தில் வேருகள். அதற்குக் கேரள சாகித்ய அகாதமி விருது 1967இல் கிடைத்தது. கதை நமக்கெல்லாம் நெருக்கமானது. கேரளத்தில் குடியேறிய தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ரகு ஐ.ஏ.எஸ். அதிகாரியாகிறான். நகரத்தில் பெரிய பங்களா கட்ட வேண்டும் என்பது மனைவியின் ஆசை. அதற்குப் பணம் வேண்டும். கிராமத்துப் பூர்விக சொத்தை விற்கலாம் என்று ஊருக்குப் புறப்படுகிறான். அங்கே போனதும் பழைய நினைவுகள், உறவுகள், இறந்துபோனவர்களின் முகங்கள் எல்லாம் எழுந்து வருகின்றன. விற்க வந்தவன் விற்காமல் திரும்புகிறான்.

இதைப் படிக்கும்போது நம்மில் எத்தனை பேருக்கு உள்ளே சுருக்கென்று தைக்கும்! கல்பாத்தியிலும், நூரணியிலும், இங்கே கரமனையிலும், கோட்டைக்குள்ளும் எத்தனை கிராமத்து வீடுகள் கை மாறிவிட்டன! பங்காளிகள் நான்கு தேசத்தில் இருக்க, வக்காலத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு விற்ற வீடுகள் எத்தனை! ரகு விற்காமல் திரும்பினான். நாம் விற்றுவிட்டோம். நம்மைக் குற்றம் சொல்வதற்காக அந்த நாவல் எழுதப்படவில்லை. ரகுவின் சஞ்சலமும் அவர் மனைவியின் நியாயமும் இரண்டுமே அதில் இருக்கின்றன. அதனால்தான் ஐயர் குடும்பத்துக் கதையை நாயர் வீட்டிலும் நஸ்ராணி வீட்டிலும் தங்கள் கதையாகவே படித்தார்கள்.

எழுத வருகிற இளைஞர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம்மாத்துப் பேச்சு, நம்மாத்துச் சமையல், திவசம், சீமந்தம் இதெல்லாம் வெளியில் யாருக்கு ருசிக்கும் என்று ஒரு கூச்சம் நமக்கு இருக்கிறது. அதனால் நமக்குத் தெரியாத ரௌடிகளைப் பற்றியும், நாம் பார்த்தே இராத மும்பை அதோலோகத்தைப் பற்றியும் எழுத உட்கார்கிறோம். மலையாற்றூர் தனக்குத் தெரிந்த ஐயர் வீட்டைத்தான் எழுதினார், மிகப் பெரிய விருது அதற்குத்தான் வந்தது.

யட்சியும் தோப்பில் பாசியும்

அடுத்த வருஷமே, 1967இல், யட்சி நாவல் வந்தது. கல்லூரியில் ரசாயனம் கற்பிக்கும் சீனிவாசனுக்கு ஆய்வுக்கூட விபத்தில் முகம் சிதைந்துவிடுகிறது. பழகினவர்கள் விலகுகிறார்கள். அந்த நேரத்தில் ராகிணி என்ற அழகான பெண் அவனை விரும்பி வருகிறாள். இந்த முகத்தை ஒரு பெண் எப்படி விரும்புவாள்? இவள் மனுஷிதானா, யட்சியா? இந்தச் சந்தேகம் அவனைத் தின்று கடைசியில் விபரீதத்தில் கொண்டுபோய் விடுகிறது.

1968இல் இது சினிமாவானது. கே.எஸ். சேதுமாதவன் டைரக்ஷன், சத்யனும் சாரதாவும் நடிப்பு. இதில் கவனிக்க வேண்டியது, திரைக்கதையை எழுதியவர் மலையாற்றூர் அல்ல, தோப்பில் பாசி. நாவலாசிரியர் தன் கதையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அது ஏன் நல்லதாயிற்று என்று யோசித்துப் பார்க்கலாம். நாவலில் சீனிவாசனின் மனம் என்ன நினைக்கிறது என்பதைப் பத்துப் பக்கம் எழுதலாம். காமிராவுக்கு மனம் தெரியாது. முகம், கை, கதவு, வெளிச்சம், நிழல் இவைதான் தெரியும். சந்தேகப்பட்டான் என்று எழுதினால் டைரக்டரால் படம் எடுக்க முடியாது. சந்தேகப்பட்டவன் என்ன செய்தான், எதைத் திறந்து பார்த்தான், யாரைப் பின்தொடர்ந்தான் என்று எழுதினால்தான் எடுக்க முடியும். தோப்பில் பாசி 1952இல் வந்த நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி நாடகத்தால் கேரளம் முழுவதும் பெயர் பெற்றவர். ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் மேடையில் எது எடுபடும், எது விழுந்துவிடும் என்பதை வருஷக்கணக்கில் பார்த்தவர். அப்படிப்பட்ட கைக்கு ஒரு நாவல் போவது பாக்கியமே.

சினிமா டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம் என்று மூன்று தனித்தனியாகப் போடுகிறார்களே, அவை மூன்றும் ஒன்றல்ல. என்ன நடந்தது என்பது கதை. அதை எந்த இடத்தில், எந்த வரிசையில், யார் கண் வழியாகக் காட்டுவது என்பது திரைக்கதை. பாத்திரங்கள் வாய் திறந்து பேசுவது வசனம். ஒருவருக்கு மூன்றும் வரலாம், ஒன்று மட்டும் வரலாம். தனக்கு எது வருகிறது என்று ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டால் பாதி மனக்கஷ்டம் குறையும்.

தானே எழுதிய படங்கள்

அதே 1968இல் பி. பாஸ்கரன் டைரக்ட் செய்த லட்சபிரபு படத்துக்கு மலையாற்றூர் எழுதினார். 1973இல் பி.என். மேனன் டைரக்ஷனில் இரண்டு படங்கள் வந்தன: சாயம், காயத்ரி.

இந்தக் காயத்ரிதான் நாம் பெருமைப்பட வேண்டிய படம். நம் தமிழ் பிராமணக் குடும்ப வாழ்க்கையைப் பின்னணியாக வைத்து எழுதியது. ஜெயபாரதி, ராகவன் நடித்தார்கள். வயலார் ராமவர்மாவின் பாட்டுக்கு தேவராஜன் மாஸ்டர் இசை. அந்த வருஷத்துச் சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருது காயத்ரிக்குக் கிடைத்தது. அகில இந்தியாவிலும் சிறந்த படம் என்ற விருதை அதே வருஷம் பெற்றது எம்.டி. வாசுதேவன் நாயரின் நிர்மால்யம். ஒன்றில் ஐயர் குடும்பம், மற்றதில் வறுமையில் வாடும் கோயில் வெளிச்சப்பாடின் குடும்பம். பிரம்மாண்டம் எதுவும் இல்லாத இரண்டு வீட்டுக் கதைகள் ஒரே வருஷத்தில் டில்லி வரை போய்வந்தன.

காயத்ரியைப் பற்றி இன்னொரு விஷயம். ஏர்ஃபோர்ஸ் வேலையை விட்டு நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த திருவல்லாக்காரர் எம்.ஜி. சோமன் இந்தப் படத்தில்தான் சினிமாவுக்கு வந்தார். அவர் நாடகத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பாத்திரத்துக்கு இவர் பொருந்துவார் என்று முதலில் கண்டுகொண்டவர் மலையாற்றூரின் துணைவியார் என்பது இங்கே சினிமா வட்டாரத்தில் அறிந்த செய்தி. எழுதுகிறவருடைய ஆத்தில் இருப்பவர்களுக்கும் அந்த எழுத்தில் பங்கு உண்டு. சோமன் பிறகு மலையாளத்தின் முன்னணி நடிகர்களில் ஒருவரானார். 1997 டிசம்பர் 12ஆம் தேதி சோமன் காலமானார். பதினைந்து நாள் கழித்து, டிசம்பர் 27ஆம் தேதி, மலையாற்றூரும் போய்ச் சேர்ந்தார்.

டைரக்டர் பி.என். மேனன் ஓவியர், சினிமா போஸ்டர் வரைந்தவர். மலையாற்றூரோ கார்ட்டூன் போடுகிறவர். படமாகப் பார்க்கத் தெரிந்த இருவர் சேர்ந்தது தற்செயல் என்று சொல்ல முடியாது. கார்ட்டூனில் ஒரு சிறிய கட்டத்துக்குள் ஆள், இடம், நிலைமை, வேடிக்கை எல்லாம் அடங்க வேண்டும். ஒரு கோடு கூடினாலும் கெட்டுப்போகும். நல்ல சீன் எழுதுவதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை அவர் மலையாளத்தில் மொழிபெயர்த்ததையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். எந்தத் தகவலை எப்போது அவிழ்ப்பது, எதைக் கடைசி வரை கையில் பொத்தி வைப்பது என்ற வித்தை கானன் டாயிலிடம் இருக்கிறது. ஒருவருடைய எழுத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்துப் பார்த்தால் அதன் மூட்டும் எலும்பும் தெரிந்துவிடும்.

அட்டப்பாடி மலைவாழ் மக்களின் வாழ்வை வைத்து அவர் எழுதிய பொன்னி நாவல் 1976இல் தோப்பில் பாசி டைரக்ஷனில் படமானது. கமல்ஹாசனும் லட்சுமியும் அதில் நடித்தார்கள். அதே வருஷம் ஹரிஹரன் டைரக்ட் செய்த பஞ்சமி, 1979இல் அவரே எடுத்துப் பெரும் வெற்றி பெற்ற சரபஞ்சரம், இவற்றின் கதையும் மலையாற்றூருடையது. அதிகாரியாக ஜீப்பில் போன காட்டுப் பாதையை எழுத்தாளராகவும் அவர் பார்த்திருக்கிறார். உத்தியோகம் எழுத்துக்கு இடைஞ்சல் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ராஜினாமா

அரசாங்க இயந்திரத்துக்குள் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி படும் பாட்டைச் சொல்லும் யந்திரம் நாவலுக்கு 1979இல் வயலார் விருது கிடைத்தது. உள்ளே இருந்துகொண்டே உள்ளே நடப்பதை எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். இரண்டு வருஷம் கழித்து, 1981இல், ஐ.ஏ.எஸ். பதவியை ராஜினாமா செய்துவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார்.

நம் வீட்டுப் பையன்களும் பெண்களும் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பையன் என்னிடம் முதலில் கேட்டதும் இதைத்தான். அவரே ராஜினாமா செய்தாரே மாமா, பின் நான் செய்தால் என்ன என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ராஜினாமா செய்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அன்று ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் ஓய்வு வயது 58. வேர்கள் வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெரிய விருதுகள், தேசிய விருது பெற்ற ஒரு படம், பல நாவல்கள், படமான பல கதைகள் எல்லாம் கையில் இருந்தன. எழுத்தாளன் ஆவதற்காக அவர் வேலையை விடவில்லை. எழுத்தாளன் ஆன பிறகு விட்டார். நான்கு வருஷ சர்வீஸை விட்டுக்கொடுத்ததும் சாதாரணத் தியாகம் அல்ல, ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு குதித்த குதி இல்லை.

அதே சமயம் அந்தப் பையனின் அப்பாவுக்கும் ஒரு கணக்கு சொன்னேன். பையன் ராத்திரி பதினோரு மணிக்கு எழுதுவதைக் கேலி செய்யாமல் இருப்பதற்குக் காசு செலவில்லை. பாட்டு கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு நாம் தம்பூரா வாங்கிக் கொடுக்கிறோம். மிருதங்கம் கற்கும் பிள்ளையைச் சபாவுக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறோம். சினிமாவுக்கு எழுதுகிறேன் என்றால் மட்டும் குடி முழுகிவிட்டது போல முகம் தூக்குகிறோம். ஒரு கலெக்டருக்கே அது குறைவாக இல்லையென்றால் நமக்கென்ன குறைவு?

ராஜினாமாவுக்குப் பிறகும் அவர் பேனா ஓயவில்லை. தன் உத்தியோக அனுபவங்களை சர்வீஸ் ஸ்டோரி என்ற புத்தகமாக எழுதினார். 1990இல் பத்ரன் டைரக்ஷனில் மம்மூட்டி நடித்த ஐயர் தி கிரேட் படத்துக்கு எழுதினார். வரப்போவதை முன்கூட்டியே அறியும் சக்தி வந்துவிட்ட ஓர் ஐயரின் கதை அது. பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன் இசை. அறுபதைத் தாண்டியும் புதுமாதிரிக் கதையை யோசித்தவர் அவர், முப்பது வயதில் நேரம் போய்விட்டது என்று சோர்ந்துபோகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மற்றவர்களும் இதே வழியில்தான்

மலையாற்றூர் ஒருவர் மட்டும் அப்படி என்று நினைக்க வேண்டாம். பத்மராஜன் திருவனந்தபுரத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் வேலை பார்த்துக்கொண்டே கதைகளும் நாவல்களும் எழுதினார். 1975இல் பரதனின் பிரயாணம் படத்துக்கு எழுதித்தான் திரைக்கு வந்தார். எம்.டி. வாசுதேவன் நாயர் மாத்ருபூமி வாரப் பத்திரிகையில் இருந்துகொண்டு, 1965இல் முறப்பெண் படத்துக்கு முதல் திரைக்கதை எழுதினார். திரைக்கதைக்கு மட்டும் நான்கு முறை தேசிய விருது வாங்கினார். 2024 டிசம்பரில் அவர் காலமானபோது கேரளமே துக்கம் காத்தது. செம்மீனுக்குத் திரைக்கதை எழுதிய எஸ்.எல். புரம் சதானந்தன் நாடக ஆசிரியர்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. யாரும் வெறுங்கையோடு ஸ்டூடியோ வாசலில் போய் நின்றவர்கள் இல்லை. கதையோ, நாடகமோ, ரேடியோ நிகழ்ச்சியோ, ஏதோ ஒன்றில் தங்கள் எழுத்தை ஜனங்கள் முன்னால் வைத்துப் பரீட்சை செய்துகொண்டவர்கள். சினிமா அவர்களைத் தேடி வந்தது. அந்த நாளில் மலையாளப் படங்களில் பெரும்பாலானவை மதராஸில்தான் தயாராகும். நேமத்தில் பி. சுப்ரமணியத்தின் மெர்ரிலாண்ட் ஸ்டூடியோ இருந்தது, ஆனாலும் எழுத்தாளர்கள் கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. இன்று கையில் இருக்கும் போனிலேயே பத்து நிமிஷக் குறும்படம் எடுத்து உலகத்துக்குக் காட்டலாம். வசதி கூடியிருக்கிறது. அந்த அளவுக்கு உழைப்பும் கூடியிருக்கிறதா என்பதை அவரவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள்

அன்று அந்தப் பையனுக்குச் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். எழுத ஆசையுள்ள மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது, சம்பளம் வரும்போதே ஒரு முழுத் திரைக்கதையை எழுதி முடிக்கவும். ஒரு பக்கத்துக்குச் சுமார் ஒரு நிமிஷம் என்பது பொதுக் கணக்கு. இரண்டு மணி நேரப் படத்துக்கு நூற்றிருபது பக்கம். தினம் ஒரு பக்கம் எழுதினால் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். வேலையோடு சேர்த்து அந்த ஒரு பக்கம் எழுத முடியாதவனுக்கு, வேலையை விட்டாலும் எழுத வராது.

இரண்டாவது, ஒரு சீனில் பாத்திரம் என்ன நினைக்கிறது என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, என்ன செய்கிறது என்று எழுதவும். வசனத்தை உரக்கப் படித்துப் பார்க்கவும். நம்மாத்துப் பாட்டி அப்படிப் பேசுவாளா என்று கேட்டுக்கொள்ளவும்.

மூன்றாவது, எழுதி முடித்ததைப் பிறருக்குக் காட்டுமுன் பதிவு செய்துகொள்ளவும். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் இருக்கிறது, மும்பையிலும் எழுத்தாளர்களுக்குச் சங்கம் உண்டு. காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தின்படி, தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர மற்ற வகையில் எழுத்து பயன்படும்போது வரும் ராயல்டி உரிமையை எழுதியவர் விட்டுக்கொடுக்க முடியாது. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டுவது உத்தமம். நம் சமூகத்தில் வக்கீல்களுக்குப் பஞ்சமா என்ன?

நான்காவது, வேறு ஒருவர் கை வைத்தால் கோபப்படக் கூடாது. யட்சியைத் தோப்பில் பாசிக்குக் கொடுத்ததால் மலையாற்றூர் சிறுத்துப்போகவில்லை. சினிமா என்பது ஊர் கூடி இழுக்கிற தேர். கல்பாத்தியில் தேர் இழுத்தவர்களுக்கு இது புரியும்.

ஐந்தாவது, பெற்றோருக்கு. பிள்ளைக்கு ஒரு காலக்கெடு கொடுங்கள், நீங்களும் அதை மதியுங்கள். எழுதியதை ஒரு தரமாவது முழுக்கப் படித்துப் பாருங்கள்.

அந்த வலியசாலைப் பையன் இன்னும் பெங்களூரில் வேலையில்தான் இருக்கிறான். சென்ற மாதம் போனில் பேசினான். அறுபது பக்கம் ஆகிவிட்டதாம். என்ன கதை என்று கேட்டேன். அவன் தாத்தாவின் கிராமத்து வீட்டை விற்ற நாளில் நடந்த கதையாம். அன்று அவனுக்கு வயது ஒன்பது. சாவியைக் கை மாற்றிய பிறகு தாத்தா மறுபடி உள்ளே போய்ப் பூஜை அறையில் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாராம். அதை அப்படியே ஒரு சீனாக எழுதியிருப்பதாகச் சொன்னான். அந்தப் பக்கங்களை அவன் அப்பா படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்விட்டாராம். அம்மா மட்டும், மீதியை எப்போது எழுதுவாய் என்று கேட்டாளாம்.